அந்த மைனஸ் வேற, இந்த மைனஸ் வேற

வாட்ஸப்ல அடிக்கடி சுத்துற ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். கணிதக் குறி எல்லாம் இனி உங்க விரல் நுனியிலன்னு ஒரு தலைப்பு, கீழே கை வலிக்க இறக்கிப் பாக்குற நீளத்துக்கு ஒரு பட்டியல். ஆல்ட்டை அமுக்கிட்டு 241 அடிச்சா ±, 251 அடிச்சா √, 227 அடிச்சா π. கடைசியில "வேர்ட், எக்ஸெல் ரெண்டுலயும் வேலை செய்யும்"னு ஒரு வரி.

அந்தக் கடைசி வரிதான் எரிச்சல்.

அது பொய்யின்னு சொல்ல வரல. குறி ரெண்டுலயும் வரத்தான் வரும். குறி திரையில வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்க வைக்குது பாருங்க, அங்கதான் கோளாறு ஆரம்பிக்குது. வேர்ட்ல ஒரு குறி போட்டா அதைப் படிக்கப் போறது மனுஷன். எக்ஸெல்ல போட்டா முதல்ல படிக்கிறது மெஷின், அப்புறம்தான் மனுஷன். இந்த ரெண்டு வாசகருக்கும் ஒரே குறி செல்லுபடி ஆகாது. ஒருத்தருக்குச் சரியான குறி இன்னொருத்தருக்கு அப்பட்டமான தப்பா இருக்கும். அதனால "எப்படி அடிக்கிறது?"ன்னு தேடுறதுக்கு முன்னாடி "இதை யார் படிக்கப் போறாங்க?"ன்னு ஒரு தடவை யோசிச்சே ஆகணும்னு நான் சொல்றேன். (ஷார்ட்கட்டும் நடுநடுவுல வரும், ஓடிடாதீங்க.)

மைனஸையே எடுத்துக்குவோம். கீபோர்டுல பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கிற குட்டிக் கோடு முழு மைனஸ் கிடையாது. சொற்களை ஒட்டுற ஹைஃபனுக்கும் அதே பொத்தான், கழித்தலுக்கும் அதே பொத்தான். யூனிகோட்ல அதோட அதிகாரப்பூர்வப் பேரே 'ஹைஃபன்-மைனஸ்'தான், ரெண்டு வீட்டுச் சாவியும் அதுகிட்டதான் இருக்கு. நிஜ மைனஸுக்குத் தனியா ஒரு எண் உண்டு: 2212. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க: -5, −5. ரெண்டாவதுல கோடு நீளமா, பிளஸ் குறியோட குறுக்குக் கோடு இருக்கிற அதே உயரத்துல நிக்கும். அச்சுல இதுதான் அழகு, இதுதான் முறை. குட்டிக் கோட்டுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. 15-8னு எழுதினா வரி முடியற இடத்துல வேர்ட் அதை ஹைஃபனா நினைச்சு உடைச்சிடும், 15- ஒரு வரியில, 8 அடுத்த வரியில. கண்ணு தெரியாத மாணவர்கள் பயன்படுத்துற திரைவாசிப்பு மென்பொருளும், அதோட அமைப்பைப் பொறுத்து, குட்டிக் கோட்டை வெறும் நிறுத்தக்குறியா எடுத்து வாசிக்காமலே தாண்டிப் போகலாம். மைனஸ் ஐந்து, வெறும் ஐந்தாயிடும். ஆகவே வேர்ட்ல கணக்கு எழுதுறவங்க 2212தான் போடணும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

இப்ப அதே ஒழுங்கான மைனஸை எக்ஸெல்லுக்குக் கொண்டு போங்க. ஒரு பத்தியில 1000, −450, 200னு மூணு வரி. நடுவுல இருக்கிறது 2212. கீழே கூட்டல் ஃபார்முலா போட்டா 750 வரணும். வர்றது 1200! ஏன்னா எக்ஸெல்லுக்கு அந்த −450 எண்ணே இல்ல, ஏதோ ஒரு சொல். 'சம்' ஃபார்முலா தனக்குக் கொடுத்த பத்தியில சொல் இருந்தா கண்டுக்காம தாண்டிப் போயிடும். பிழைச்செய்தி கிடையாது, சிவப்பு நிறம் கிடையாது, ஒரு முணுமுணுப்புகூட கிடையாது. (செல்லுக்கு செல் பிளஸ் போட்டுக் கூட்டியிருந்தா 'வேல்யூ' பிழைன்னு கத்தியிருக்கும். அது எவ்வளவோ மேல்.) இந்த மைனஸை யாரும் வேணும்னே அடிக்கிறதில்ல. ஆங்கில விக்கிப்பீடியா அட்டவணை, ஒழுங்கா அச்சுக்கோத்த பிடிஎஃப், வேர்ட் சமன்பாடு இங்கெல்லாம் இருந்து காப்பி பண்ணா கூடவே வரும். எங்கே யாரோ அச்சு முறைப்படி சரியா பண்ணியிருக்காங்களோ அங்கே இருந்துதான் நம்ம கணக்குல தப்பு வருது. நான் சொல்ற விஷயத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேணுமா?

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. நீங்க எதையும் மாத்தாம விட்டா எக்ஸெல் எண்ணை வலப்பக்கம் ஒட்டும், சொல்லை இடப்பக்கம் ஒட்டும். பத்தியில ஒரு செல் மட்டும் இடப்பக்கம் சாய்ஞ்சு நின்னா சந்தேகப்படுங்க. (எல்லாத்தையும் நடுவுல நிறுத்தி அழகு பார்க்கிறவங்களுக்கு இந்தத் துப்பும் போச்சு. அட்டவணையில எண்ணை நடுவுல நிறுத்துறதே பாவம்னு நினைக்கிறவன் நான், அது தனிப் பதிவுக்கான சண்டை.) சரிபண்ணவும் சுலபம்தான். அந்த நீள மைனஸைக் காப்பி பண்ணி 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்'ல மேலே ஒட்டி, கீழே கீபோர்டு குட்டிக் கோட்டைப் போட்டு மொத்தமா மாத்தினா எல்லாம் எண்ணாயிடும்.

ஏன் இப்படின்னு கேட்டா கொஞ்சம் பின்னாடி போகணும். ஃபோர்ட்ரான் நிரல்மொழி 1957-ல வந்தப்போ நிரலை பஞ்ச் கார்டுல குத்தணும். குத்துற மெஷின்ல இருந்த எழுத்தும் குறியும் ரொம்பக் கொஞ்சம். × கிடையாது, அதனால நட்சத்திரம் பெருக்கலாச்சு. மேலே தூக்கி எழுத வழி இல்ல, அதனால ரெண்டு நட்சத்திரம் அடுக்காச்சு. < > கூட இல்லாததால பின்னாடி வந்த பதிப்புல 'சிறியது அல்லது சமம்'ங்கிறதை ரெண்டு புள்ளிக்கு நடுவுல 'எல்ஈ'ன்னு எழுத வச்சாங்க. அப்புறம் 1963-ல ஆஸ்கிங்கிற எழுத்துத் தொகுதி வந்தது. அதோட முதல் பதிப்புல இப்ப ^ இருக்கிற இடத்துல மேல்நோக்கின அம்பு இருந்தது. 1964-ல பிறந்த பேசிக் மொழி அந்த அம்பைத்தான் அடுக்குக்கு வச்சுக்கிச்சு, 'மேலே ஏத்து'ன்னு பொருத்தமா. 1967 பதிப்பு வர்றப்போ அம்பை எடுத்துட்டு ^ போட்டுட்டாங்க. அது பிரெஞ்சு மாதிரி மொழிகள்ல எழுத்துத் தலையில வைக்கிற தொப்பி. கணக்குக்கும் அதுக்கும் எந்த ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அம்பு இருந்த இடத்துல வந்து உக்காந்ததால அடுக்கு வேலையும் சேர்ந்து வந்துடுச்சு. 1979-ல விசிகால்க் விரிதாள் வந்து, அது வழியா இன்னைக்கு எக்ஸெல் வரைக்கும், இருநூறு கோடி தடவை அழுத்தப்பட்டும் அந்தத் தொப்பி இறங்கல. (இருநூறு கோடி நான் அடிச்சு விட்டது, கணக்கு கேக்காதீங்க.) ஹைஃபனும் மைனஸும் ஒரே பொத்தானானதும் இதே இடப்பற்றாக்குறையாலதான்.

இந்த வரலாற்றுல இருந்து நான் எடுத்துக்கிறது இதுதான்: எக்ஸெல்ல நாம அடிக்கிற * ^ <= <> எல்லாம் கணிதக் குறியே இல்ல. பஞ்ச் கார்டு காலத்து நெருக்கடியில பிறந்த கட்டளைச் சொற்கள். × ≤ ≠ எல்லாம் கணிதக் குறிகள். முதல் கூட்டம் மெஷினுக்கு இடுற கட்டளை, ரெண்டாவது கூட்டம் மனுஷனுக்கு எழுதுற எழுத்து. ஃபார்வர்டு பட்டியல் ரெண்டையும் ஒரே பையில கொட்டுது. கவுண்ட்இஃப் ஃபார்முலாவுல மேற்கோளுக்குள்ள "<=5" போட்டா ஐந்தும் அதுக்குக் கீழேயும் எத்தனைன்னு எண்ணும். அங்கேயே "≤5" போட்டுப் பாருங்க. அப்படியே '≤5'ன்னு சொல்லா எழுதின செல் எத்தனைன்னு தேடி, பூஜ்யம்னு பதில் சொல்லும். இங்கேயும் சத்தமில்லாமதான். எக்ஸெல்லோட கூட்டல் பொத்தான்ல Σ படம் இருக்கு, ஆனா ஃபார்முலாவுல Σ அடிச்சா அதுக்கு ஒண்ணும் புரியாது. கடைப் பலகையில மட்டும் கணிதம், உள்ளே கல்லாவுல வேற பாஷை.

சரி, வேர்ட் பக்கம் வருவோம். இங்கே வாசகர் மனுஷன், அதனால நிஜக் குறிதான் போடணும். எப்படி? ஆல்ட் எண் பட்டியலை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். அது வேலை செய்ய வலப்பக்கம் தனி எண்பலகை வேணும், பாதி லேப்டாப்ல அது இருக்கிறதில்ல. அதுலயும் ஒரு கூத்து: 241 அடிச்சா ±, 0241 அடிச்சா ஸ்பானிய எழுத்து ஒண்ணு. முன்னாடி பூஜ்யம் இல்லேன்னா 1981-ல வந்த ஐபிஎம் பிசியோட பழைய எழுத்துத் தொகுதி, பூஜ்யம் இருந்தா விண்டோஸோட தொகுதி. பட்டியலை ஃபார்வர்டு பண்றவங்க இதைச் சொல்றதே இல்ல. ஆனா வேர்ட்ல இதைவிட உருப்படியான வழி இருக்கு. யூனிகோட் எண்ணை அடிச்சு ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அமுக்குங்க, எண் குறியா மாறிடும். 2212 மைனஸ், 2264 ≤, 2265 ≥, 2260 ≠. ஒரு எச்சரிக்கை: முன்னாடி ஏதாவது எண் ஒட்டிக்கிட்டு இருந்தா, உதாரணமா 5-க்குப் பின்னாடியே 2212 அடிச்சா, 52212னு சேர்த்துப் படிச்சுக் குழம்பும். கடைசி நாலு எண்ணை மட்டும் தேர்வு செஞ்சுட்டு அமுக்கணும். தமிழ் விசைப்பலகையில இருக்கிறவங்களுக்கு மேலே சொன்ன நாலும் வெறும் எண்கள்தான், மொழி மாத்த வேண்டியதில்ல. √ மாதிரி சிலதோட எண்ணுல ஆங்கில எழுத்தும் வரும், அங்கே ஒரு தடவை மாறிட்டு வரத்தான் வேணும். (மேக்காரங்களுக்கு இந்தக் கவலை கம்மி. ஆப்ஷனோட கமா ≤, ஆப்ஷனோட சமக்குறி ≠.)

ஆல்ட்-எக்ஸ் எக்ஸெல்ல வேலை செய்யாது. அங்கே யூனிகேர்னு ஒரு ஃபார்முலா இருக்கு, 2013 பதிப்புல இருந்து. ஆனா அதுக்கு அதே எண்ணைக் கொடுத்தா மாட்டுவீங்க. வேர்ட் கேக்கிறது பதினாறு அடிமான எண், யூனிகேர் கேக்கிறது நம்ம சாதாரணப் பத்து அடிமான எண். மைனஸுக்கு அங்கே 8722 கொடுக்கணும். மறந்து 2212 கொடுத்தா ஏதோ ஒரு அரபி எழுத்து வந்து நிக்கும். ஒரே கம்பெனி, ஒரே பொட்டலத்துல விக்கிற ரெண்டு மென்பொருள், ஒரே குறிக்கு ரெண்டு எண்!

பின்னம், வர்க்கமூலம், அடுக்குன்னு முழுச் சமன்பாடு எழுதணும்னா வேர்ட் 2007-ல வந்த சமன்பாட்டுப் பெட்டிதான் கதி. ஆல்ட்டும் சமக்குறியும் சேர்த்து அமுக்கினா திறக்கும். உள்ளே சாய்கோடு போட்டு ஸ்பேஸ் தட்டினா பின்னமாகும், <= போட்டா ≤ ஆகும், +- போட்டா ± ஆகும், குட்டிக் கோடு தானாவே நிஜ மைனஸா மாறும். மனசார பாராட்டுறேன், இவ்வளவு புத்திசாலித்தனமான ஒரு வசதி வேர்ட்ல இருக்கிறதே நிறையப் பேருக்குத் தெரியாது. ஆனா அது அழகா ஆக்குற அளவுக்கு மெஷினுக்கு அந்நியமாகுது. அந்தப் பெட்டிக்குள்ள மாறியாகிற சாய்ந்த ஆங்கில எழுத்துகூட சாதாரண எழுத்து கிடையாது. கணிதத்துக்குன்னே 2001-ல யூனிகோட் ஒதுக்கின தனிக் குடியிருப்புல இருந்து வர்றது. வேர்ட்ல கச்சிதமா நிக்கிற சமன்பாட்டைக் காப்பி பண்ணி எக்ஸெல் ஃபார்முலாவுல ஒட்டினீங்கன்னா ஒரு எழுத்துகூட அதுக்குப் பிடிபடாது.

இப்ப முதல் ஆட்சேபத்துக்கு வர்றேன். "நான் கேள்வித்தாள்தான் அடிக்கிறேன். பிரிண்ட் எடுத்து பசங்க கையில கொடுத்தா வேலை முடிஞ்சது. காகிதத்துல எந்த மைனஸ்னு யாருக்குத் தெரியும்?" நியாயமான கேள்வி. காகிதத்தோட முடிஞ்சா நான் வாயை மூடிக்கிறேன். ஆனா எந்தக் கோப்பும் காகிதத்தோட முடியறதில்ல. அடுத்த வருஷம் இன்னொரு வாத்தியார் அதையே திறந்து நாலு கேள்வி மாத்துவாரு. யாரோ அதை ஃபோன்ல திறப்பாங்க. யாரோ பத்தி பத்தியா வெட்டி மெசேஜ்ல ஒட்டுவாங்க. ஒட்டுற நிமிஷத்துல, கண்ணை ஏமாத்தி வச்ச குறி எல்லாம் வெளுத்துடும். 10-க்குப் பக்கத்துல ஒரு 5 போட்டு, அதை சூப்பர்ஸ்கிரிப்ட் பண்ணித் தூக்கி வைக்கிறோம். அது வெறும் அலங்காரம், உள்ளே இருக்கிறது 1, 0, 5. வெறும் எழுத்தா எங்கே ஒட்டினாலும் 105ன்னு நிக்கும். ஒரு லட்சம் நூத்தி அஞ்சாச்சு! எக்ஸெல்லயும் இதே கதைதான். செல்லுல ஒரு எழுத்தை மட்டும் தூக்கி வச்சிருந்தாலும், வேற ஃபார்முலா அந்தச் செல்லை எடுத்தாள்றப்போ அலங்காரம் கூட வராது. யூனிகோட்லயே ² ³ ⁵னு தூக்கின எண்கள் தனி எழுத்தா இருக்கு, அதைப் போட்டா எங்கே போனாலும் தூக்கியே நிக்கும்.

இந்த அலங்காரத் தப்புல ரொம்ப ஆபத்தானது 'சிம்பல்' எழுத்துரு. பழைய ஆவணங்கள்ல கிரேக்க எழுத்து வேணும்னா ஆங்கில எழுத்தை அடிச்சு எழுத்துருவை சிம்பலுக்கு மாத்துவாங்க. 'எம்' அடிச்சா μ மாதிரி தெரியும். எழுத்துரு போச்சுன்னா? உள்ளே இருக்கிற 'எம்' வெளிய வரும். மைக்ரோகிராம்னு எழுதினது மில்லிகிராம்னு வாசிக்கப்படும், ஆயிரம் மடங்கு வித்தியாசம். கையெழுத்துலயே இந்த ரெண்டும் குழம்புதுன்னுதான், அமெரிக்காவுல மருந்துப் பாதுகாப்புக்காக இயங்குற ஐஎஸ்எம்பி, மைக்ரோகிராமுக்கு μ போடாதீங்க, 'எம்சிஜி'ன்னு மூணு எழுத்தா எழுதுங்கன்னு ஆபத்தான சுருக்கங்கள் பட்டியல்லயே வச்சிருக்கு. சரியான குறியைவிட அழகில்லாத எழுத்து மேல்னு முடிவு பண்ணியிருக்காங்க. படிக்கிறவர் யாருன்னு யோசிச்சு எடுத்த முடிவுன்னா இதுதான்.

தமிழ் வாசகருக்கு இந்த வித்தை புதுசில்ல. பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள் எல்லாமே இதே வேஷம்தான், ஆங்கில எண்ணுக்கு மேல தமிழ் முகமூடி. பாமினில 'இ' வேணும்னா உள்ளே இருக்கிறது கமா, 'ஈ' வேணும்னா உள்ளே இருக்கிறது <. அதாவது ஈழநாடுன்னு அடிச்ச கோப்போட முதல் எழுத்து, மெஷின் கண்ணுக்கு ஒரு 'சிறியது' குறி. பாமினில தயாரான ஒரு கணக்கு வினாத்தாளை யூனிகோடுக்கு மாத்தறப்போ, எந்த < ஆங்கில எழுத்துருவுல இருந்தது, எந்த < பாமினில இருந்ததுன்னு மாற்றிக்குத் தெரியலேன்னா 3 < 5 போய் 3 ஈ 5 ஆயிடும். மூணு ஈ, அஞ்சு ஈன்னு பசங்க எண்ணிக்க வேண்டியதுதான். முகம் வேற, உள்ளே வேறன்னா என்ன ஆகும்னு இத்தனை வருஷம் எழுத்துரு மாற்றிகளோட மல்லுக்கட்டின நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. அப்படிப்பட்ட நாமளே கணிதக் குறியில மட்டும் "பார்க்க சரியா இருக்குல்ல, போதும்"னு விடுறது எனக்குப் புரியல.

சமன்பாட்டைப் படமா ஒட்டுற பழக்கமும் இதே ரகம்தான். படத்துல தேட முடியாது, திருத்த முடியாது, திரைவாசிப்பான் வாசிக்காது. பழைய வேர்ட்ல 'ஈக்வேஷன் எடிட்டர் 3.0'ன்னு ஒண்ணு இருந்தது ஞாபகம் இருக்கா? சமன்பாட்டை ஒரு தனிப் பொருளா ஆவணத்துக்குள்ள செருகும். 2000-ல கம்பைல் பண்ணின அந்த நிரல்ல பெரிய பாதுகாப்பு ஓட்டை இருக்குன்னு 2017-ல வெளிய வந்தது. 2018 ஜனவரியில மைக்ரோசாஃப்ட் அதை ஆபீஸ்ல இருந்தே தூக்கிட்டாங்க. அதுல அடிச்ச பழைய சமன்பாடு எல்லாம் அப்போ பார்க்க மட்டும்தான்னு ஆச்சு, கிளிக் பண்ணி அந்த எடிட்டர்ல மாத்த முடியாம போச்சு. ஒரு மென்பொருளை நம்பி உயிரோட இருந்த குறி, அந்த மென்பொருளோட போச்சு. எழுத்தா இருந்திருந்தா இந்தக் கதி வந்திருக்காது.

எக்ஸெல் பக்கம் என் யோசனை இன்னும் கறார். செல்லுக்குள்ள எண் மட்டும்தான் இருக்கணும். குறி, அலகு எல்லாம் வெளிய. கட்டட எஸ்டிமேட்ல '1200 ச.அடி'ன்னு செல்லுக்குள்ளயே அடிச்சா அது சொல்லாயிடும், கூட்டல்ல சேராது. கன்ட்ரோலும் 1-உம் அமுக்கி, 'கஸ்டம்'ல பூஜ்யம் போட்டு, மேற்கோளுக்குள்ள ச.அடின்னு எழுதுங்க. கண்ணுக்கு 1200 ச.அடி, மெஷினுக்கு வெறும் 1200. ²ம் °ம் இப்படியே மேற்கோளுக்குள்ள போடலாம். இந்த ஒரு இடத்துலதான் ரெண்டு வாசகருக்கும் தனித்தனியா பரிமாற எக்ஸெல் வழி வச்சிருக்கு, அதையும் யாரும் தொடறதில்ல. அரைக்கும் இதே கதி. ½ குறியைப் போட்டா சொல்லாயிடும், 1/2ன்னு அடிச்சா நம்ம ஊர் தேதி அமைப்புல பிப்ரவரி ஒண்ணாம் தேதியாயிடும். பூஜ்யம், ஒரு இடைவெளி, அப்புறம் 1/2ன்னு அடிச்சாத்தான் அரை. எக்ஸெல்லயும் 'இன்செர்ட்'ல சமன்பாடு இருக்கே?ன்னு கேக்கலாம். இருக்கு, செல்லு மேல மிதக்குற பெட்டியா. அது எதையும் கணக்குப் போடாது, ஸ்டிக்கர்தான்.

இன்னொரு பொறி. வேர்ட்ல ஆட்டோகரெக்ட்ல <= அடிச்சா ≤ ஆகட்டும்னு சிலர் வச்சுப்பாங்க. அந்தப் பட்டியல் ஆபீஸ் மென்பொருள்களுக்குப் பொது. எக்ஸெல் செல்லுல அடிக்கிறப்பவும் அதே மாத்தம் காத்துக்கிட்டு இருக்கும். வைக்கணும்னா வேற எங்கேயும் வராத ஒரு எழுத்துக் கூட்டணியை வைங்க.

ரெண்டாவது ஆட்சேபம் எங்கே இருந்து வரும்னு தெரியும். "லாடெக் கத்துக்கோங்க, எல்லாம் தீர்ந்துடும்." லாடெக் ஆளுங்க எந்தப் பதிவுக்கும் இந்தப் பின்னூட்டத்தோட தயாரா இருப்பாங்க. மறுக்கல. தன் புத்தகத்தோட புதுப் பதிப்பு அச்சுப்படி அசிங்கமா வந்ததைப் பார்த்து டொனால்டு குனுத் 1978-ல உருவாக்கின, லாடெக்குக்கு அடிப்படையான டெக், இன்னைக்கும் கணிதம் அச்சுக்கோக்க உலகத்திலேயே சிறந்த வழி. ஆனா அது தீர்த்தது புத்தகத்தோட பிரச்சனையை. பள்ளிக்கூட வினாத்தாள், இன்ஜினியரோட அளவைப் புத்தகம், ஆய்வகத்தோட முடிவு அட்டவணை இதெல்லாம் நாலு கை மாறுற கோப்பு. அடுத்த கையில லாடெக் இருக்காது, வேர்டும் எக்ஸெல்லும்தான் இருக்கும். தவிர, வேர்டோட சமன்பாட்டுப் பெட்டியே இப்ப லாடெக் எழுத்துமுறையை ஏத்துக்குது, அதனால அந்தச் சண்டையில பாதி முடிஞ்சு போச்சு. செல்லுக்குள்ள இருக்கிற மைனஸுக்கு குனுத்தாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

மூணாவது ஆட்சேபம்தான் வலுவானது, எனக்கு முழுப் பதிலும் இல்லாதது. "மனுஷன் ஏன் மெஷினுக்காக வளையணும்? எக்ஸெல் ≤-ஐயும் நிஜ மைனஸையும் புரிஞ்சுக்கட்டுமே?" புரிஞ்சுக்க முடியாத விஷயம் இல்ல. 1960-கள்லயே ஏபிஎல்ங்கிற மொழி × ÷ ≤ ≠ எல்லாத்தையும் நேரடிக் கட்டளையா வச்சிருந்தது, அதுக்காகத் தனி விசைப்பலகையே இருந்தது. இன்னைக்கு ஜூலியா மொழியில ≤ போடலாம், √ போடலாம், ஓடும். ஆக எக்ஸெல்லும் கத்துக்கலாம். அதுவும் 2212 மட்டுமாவது கத்துக்கணும்னு நானே கையெழுத்து வேட்டை நடத்தத் தயார், ஏன்னா எண்ணுக்கு முன்னாடி ஒட்டி நிக்கிற நிஜ மைனஸுக்கு வேற அர்த்தமே இருக்க முடியாது. ஆனா எல்லாக் குறிக்கும் அப்படிச் சொல்லத் தயங்குறேன். ÷-ஐ எடுத்துக்கங்க. நமக்கு வகுத்தல். டென்மார்க்குலயும் நார்வேயிலயும் அதையே கழித்தலுக்குப் போடுற பழக்கம் இருந்திருக்கு. ஜூலியாவுல அதே ÷ போட்டா மீதியை விட்டுட்டு ஈவை மட்டும் தரும். மனுஷன் சூழலைப் பார்த்துப் புரிஞ்சுக்குவான், செல்லு எதைப் பார்த்துப் புரிஞ்சுக்கும்?

ஏற்கெனவே தனக்குத் தெரிஞ்ச குறியிலயே எக்ஸெல் நம்மோட ஒத்துப்போறதில்லங்கிறதையும் சேர்த்துக்கங்க. ஒரு செல்லுல =-2^2னு அடிங்க. பள்ளிக்கூடக் கணக்குப்படி விடை −4, முதல்ல வர்க்கம், அப்புறம் மைனஸ். எக்ஸெல் 4ன்னு சொல்லும், எண்ணோட ஒட்டின மைனஸை அது அடுக்குக்கும் முன்னாடி எடுத்துக்கும். முன்னாடி ஒரு பூஜ்யம் போட்டு =0-2^2னு அடிச்சா −4 வரும். அதே எக்ஸெல்லுக்குள்ள மேக்ரோ எழுதுற விபிஏ-ல -2^2 கொடுத்தா −4தான். நல்லா நீளமான நிஜ மைனஸை எக்ஸெல் ஏத்துக்கிட்ட மறுநாளே இந்தப் பஞ்சாயத்தையும் யாராவது முடிச்சு வச்சாகணும். அதுவரைக்கும் ஃபார்முலாவுல மைனஸோட அடுக்கு வந்தா அடைப்புக்குறி போட்டுடுங்க, அதுக்கு மட்டும் எந்த ஷார்ட்கட்டும் தேவையில்ல.